இருபதில் நாலு

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

தம்பி எழுதுகிறேன். நான் சௌக்கியம், அவளும் அவள் நிலைக்குச் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் மூன்று மாடி ஏறித்தான் புள்ளியியல் நடத்துகிறாயா? கீழே ஒரு வகுப்பறை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

சரி, உட்கார்ந்துகொண்டு படி. உன் தம்பிக்கு அடுத்தவர் மனதில் ஓடுவது தெரிகிறதாம். சிரிக்காதே. நான் சொல்லவில்லை, ஆராய்ச்சி சொல்கிறது. என் கடைக்குச் சுவர்க் கடிகாரம் பழுதுபார்க்கக் கொண்டுவந்த ஒரு பேராசிரியர், மன ஆற்றலைப் பற்றி ஒரு ஆய்வு மையம் நடத்துகிறார். பேச்சுவாக்கில் என் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னேன். செப்டம்பரில் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சும் இல்லை, கைகால் அசைவும் இல்லை, ஆனால் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு நான் கண்ணை மூடினால் அவள் நினைப்பது எனக்குக் கேட்கிறது என்றேன். அவர் கேலி செய்யவில்லை. "நீங்க ஒரு தடவ வந்து உக்காருங்க, பாத்துடலாம்" என்றார்.

ஐந்து மாலைகள் போனேன். ஓர் அறையில் ஒரு பெண் படம் பார்ப்பாள், அடுத்த அறையில் நான் அது என்னவென்று எழுதுவேன். வட்டம், சதுரம், நட்சத்திரம், அலை என்று நாலே படம். இருநூறு தடவையில் குருட்டாம்போக்கில் ஐம்பது சரியாக வரலாமாம். எனக்கு எண்பத்து மூன்று! பேராசிரியர் எழுந்து கை கொடுத்தார்.

அடுத்தவர் ஆராய்ச்சியில் ஓட்டை தேடுவதுதானே உன் தொழில். பத்திரிகைகளெல்லாம் உனக்கு அனுப்பித்தானே கேட்கிறார்கள். இதையும் பார்த்துச் சரி என்று ஒரு வார்த்தை எழுது. நீ சொல்லிவிட்டால் டாக்டர்கூட வாயைத் திறக்க மாட்டார்.

உன் தம்பி

ஜனவரி 21

அருமைத் தம்பிக்கு,

முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்தி நாளாகிறது, முனகுவதோடு சரி. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எண்பத்து மூன்றா! சின்ன வயதில் நான் ஒளித்துவைத்த மிட்டாயை ஒருநாளும் கண்டுபிடிக்கத் தெரியாத பயல் நீ. கேலி இருக்கட்டும். தற்செயலாக இவ்வளவு வர லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. ஆகவே ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

எனக்கு எல்லாம் வேண்டும். சீட்டைக் கலைத்தது யார்? இருநூறோடு நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்தார்களா, இல்லை நல்லதாக வரும்போது நிறுத்தினார்களா? உனக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அவர்கள் கணக்கு எங்கே? அந்தப் பெண் சீட்டை எடுத்ததிலிருந்து நீ எழுதுகிற வரைக்கும் நடப்பதை ஒன்றுவிடாமல் எழுது. பதிவுத் தாள்களின் நகலும் அனுப்பு.

வாயாடி எப்படி இருக்கிறாள்? கல்யாணத்தன்று நான் அவளுக்கு வைத்த பேர் அது. இப்போது எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் வேறு பேர் வரவில்லை. டாக்டருக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? அதை நீ சொல்லவில்லையே.

அன்புடன், அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

இருவரும் சுகம். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் முப்பத்தோரு பேர், எல்லாருக்கும் சாதாரணம். இருநூறு என்பது முன்பே போட்ட கணக்கு. சீட்டைக் கலைப்பது வேறொரு ஆள், அவர் எங்கள் பக்கமே வருவதில்லை. பேராசிரியர் நாணயமானவர் அக்கா, மாய வித்தைக்காரர் இல்லை.

நடப்பது இதுதான். என் அறையில் ஒரு நாற்காலி, மேசை, பொத்தான். பொத்தானை அழுத்தினால் அடுத்த அறையில் விளக்கு எரியும். உடனே அந்தப் பெண் ஒரு சீட்டை எடுப்பாள். படம் மனதில் நன்றாகப் பதியட்டும் என்று அதைப் பென்சிலால் ஒரு தடவை வரைந்து பார்ப்பாள். வரைந்து முடித்ததும் மணி அடிப்பாள். நான் கண்ணை மூடி, தோன்றுவதை எழுதிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்துவேன். நடுவில் செங்கல் சுவர். சத்தம் வராது, மணி மட்டும்தான். எங்கே இருக்கிறது ஓட்டை?

டாக்டர் விஷயம் வேறொன்றுமில்லை. வெளியூரில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறதாம். ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். வீட்டு ஆள் கூட இருக்கக் கூடாது. பேச்சு கொஞ்சமாவது திரும்பலாம், உறுதியில்லை என்கிறார். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் அவள் கையைப் பிடித்துக் கேட்டேன். "போகல, உங்க கூடவே இருக்கேன்" என்றாள். அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். டாக்டரிடம் சொன்னால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார். அதற்குத்தான் உன் கையெழுத்து வேண்டும்.

உன் தம்பி

பிப்ரவரி 16

அருமைத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒவ்வொரு படமும் ஐம்பது தடவை வந்திருக்கிறது. குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டோ பதின்மூன்றோ சரியாக வரும். உனக்கு நட்சத்திரத்தில் இருபத்தொன்பது, வட்டத்தில் இருபத்தாறு. ஆனால் சதுரத்தில் பதினைந்து, அலையில் பதின்மூன்று. மனசு மனசைப் படிக்கிறதென்றால் அதற்கு ஏன் சதுரம் மட்டும் பிடிக்காமல் போகிறது?

நான் மேசையில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். வட்டம் ஒரே இழுப்பு. நட்சத்திரத்துக்கு நேரம் பிடிக்கிறது. மற்ற இரண்டும் நடுவில். நீ பொத்தானை அழுத்துகிறாய், அவள் வரைகிறாள், மணி அடிக்கிறது. அந்த இடைவெளி சுவரைத் தாண்டி உன்னிடம் வந்துவிடுகிறதே! வேறு யாருக்கும் அது உறைக்காது. முப்பத்தோரு பேருக்கும் உறைக்கவில்லை. ஆனால் நீ இருபத்திரண்டு வருடமாகக் கடிகாரத்தைக் காதில் வைத்து "அரை செகண்டு பின்னால ஓடுது" என்று சொல்கிறவன். உனக்கே தெரியாமல் உன் காது எண்ணியிருக்கிறது.

பேராசிரியருக்கும் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு மாற்றம்தான் கேட்டேன். எந்தப் படமானாலும் முழுசாக ஒரு நிமிடம் ஆன பிறகே மணி அடிக்க வேண்டும். நூறு தடவை போதும்.

என் மேல் கோபம் வரும். வரட்டும், பரவாயில்லை. வாயாடிக்கு என் முத்தம்.

அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

நூறில் இருபத்தேழு. திருப்திதானே?

பேராசிரியர் என்னைவிட நிதானமாக இருந்தார். "உங்க அக்கா கரெக்டா புடிச்சிட்டாங்க. ரெண்டு வருஷமா என் கண்ணுக்குத் தெரியல" என்றார். எண்பத்து மூன்றையும் இருபத்தேழையும் சேர்த்தே வெளியிடப்போகிறாராம். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார். அவருக்கும் வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவள் விஷயம் வேறு. அங்கே மணி இல்லை, பொத்தான் இல்லை. பத்தொன்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவளின் கை அது. எனக்குத் தெரியாதா அவள் என்ன சொல்கிறாள் என்று? உன் தராசை அங்கே கொண்டுவராதே. நீ கணக்கைப் பார், என் பெண்டாட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காலையில் வர ஒரு நர்ஸ் அமர்த்தியிருக்கிறேன். கெட்டிக்காரி.

தம்பி

மார்ச் 18

அருமைத் தம்பிக்கு,

நீ திட்டி எழுதியது நல்லதாகப் போயிற்று. மரியாதையாக எழுதியிருந்தால்தான் பயந்திருப்பேன்.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தால் என் நாக்கு அழுகட்டும். நம் ஆசையும் நம் குரலில்தான் பேசும், அடுத்தவர் குரல் போலவே கேட்கும். கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் இதில் விழுந்திருக்கிறார்கள். உன் பேராசிரியரே விழுந்தார்.

நர்ஸிடம் ஐந்து சாமான் கொடு. சாவி, சீப்பு, ஸ்பூன், பொத்தான், எலுமிச்சை. நீ வெளியே இருக்கும்போது அவர் ஒன்றை எடுத்து வாயாடியிடம் காட்டட்டும். பிறகு ஒளித்துவிட்டு அடுத்த அறைக்குப் போகட்டும். நீ உள்ளே வந்து, கையைப் பிடித்து, அவள் பார்த்தது என்னவென்று எழுது. இருபது தடவை. எதை எடுப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்க வேண்டும், நர்ஸின் இஷ்டத்துக்கு விடக்கூடாது.

பதினைந்து சரியாக வந்தால் நானே டாக்டருக்கு எழுதுகிறேன், உன் காலிலும் விழுகிறேன். வராவிட்டால், தம்பி, அந்த மையத்துக்குப் போகவில்லை என்று சொன்னது யார்? அது அவளாக இல்லாவிட்டால், அவள் வாய் திறக்க முடியாமல் படுத்துக்கொண்டு, தன் பேரில் வேறொருவர் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

நலம். வெயில் அதிகம். கடையில் வேலை நிறைய. பேட்டரி மாற்றத்தான் ஆள் வருகிறார்கள், பழுதுபார்க்க வருவது குறைவு. அவள் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டேன், நீல நிறம். நாற்காலியின் கால் ஆடியது, சரிசெய்தேன்.

வேறு விசேஷம் இல்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

தம்பி

மே 4

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தம்பி வீட்டுக்கு வருகிற நர்ஸ் எழுதுகிறேன். உங்கள் முகவரியை மேசை மேலிருந்த உறையில் பார்த்தேன். நான் எழுதியது சாருக்குத் தெரிய வேண்டாம்.

நீங்கள் சொன்ன சோதனையை அவர் மார்ச் கடைசியிலேயே செய்துவிட்டார். இருபதில் நாலு சரி. நான் தாளை நீட்டினேன். வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வீட்டம்மாவின் கையைப் பிடிப்பதில்லை. காலையில் அவருக்கு வைத்த சாப்பாடு மறுநாள் நான் வரும்போது அப்படியே இருக்கிறது. ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, "இனிமே அவகிட்ட நான் எப்படிங்க பேசுறது?" என்று என்னைக் கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனையில் சார் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் அம்மா கண்ணை இறுக்கி மூடினார். அடுத்த அறையிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். அம்மா அப்படி முன்பும் செய்வதுண்டு. வெளிச்சம் கூசுகிறதோ என்று திரையை இழுத்துவிடுவேன். இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சாரிடம் இதை எப்படிச் சொல்வது? சாமான்களைச் சொல்லும்போது அவர் கண்ணை மூடியிருந்தார், பார்க்கவில்லை.

இப்படிக்கு, நர்ஸ்

மே 9

என் தம்பிக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன். நீல நிறம் அவளுக்குப் பிடிக்கும். நல்ல வேலை செய்தாய். நீ சாப்பிடு.

போன கடிதங்களில் நான் பரீட்சைத் தாள் திருத்துகிற குரலில் எழுதிவிட்டேன். வீட்டிலும் அதே சிவப்புப் பேனாவோடு திரிகிறேன், அதுதான் என் வியாதி. நீ எதையும் எனக்கு எழுதிக் காட்ட வேண்டாம். நானும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தினமும் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாயே, அது தப்பாகாது. எந்தச் சோதனையும் அதைத் தப்பென்று சொல்லாது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம்டா. ஒன்றும் கேட்காவிட்டாலும் பிடித்துக்கொள்ளலாம். கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள். அவள் முகத்தைப் பார். நர்ஸ் அவளைக் காலையெல்லாம் பார்க்கிறவர், அவரிடமும் கேள்.

பாலாவது குடி. வேளைக்குச் சாப்பிடு. லீவு விட்டதும் வரட்டுமா?

அக்கா

மே 30

அக்கா,

நாங்கள் நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

நர்ஸ் உனக்கு எழுதிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். ஒரே கடிதத்தில் சாப்பிடு, பாலாவது குடி, வேளைக்குச் சாப்பிடு என்றால் எனக்குப் புரியாதா? அவளைத் திட்டவில்லை. இருபதில் நாலு, அக்கா. சும்மா சொன்னாலும் நாலுதான் வரும். இத்தனை மாதமாக அந்த அறையில் நான் தனியாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். தாளைப் பார்த்ததும் அவளே என்னை விட்டுப் போய்விட்ட மாதிரி இருந்தது. உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

உன் கடிதம் வந்த அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்தேன். "உனக்கு எம்மேல கோவமா?" என்றேன். அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். "மறுபடி சொல்லு" என்றேன். மறுபடி மூடினாள். நான் கேட்கவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் கண்ணால் கத்திக்கொண்டிருந்தாள்! எனக்கு வந்த அழுகையை எழுத முடியாது.

அப்புறம் உன் தம்பி தன் தொழிலுக்கு வந்தான். இரண்டு பழைய சுவர்க் கடிகாரங்களைப் பிரித்தேன். ஒன்றின் முகத்தில் எண்களுக்குப் பதிலாகப் பதினெட்டு மெய்யெழுத்தும் ஒரு காலி இடமும். இன்னொன்றில் பன்னிரண்டு உயிரெழுத்தும் ஒரு புள்ளியும். முள் மெதுவாகத் தானே சுற்றும். வேண்டிய எழுத்தில் வந்ததும் அவள் கண்ணை மூட வேண்டும். ப, பிறகு ஓ என்றால் போ. நர்ஸ் கடிகாரத்துக்குப் பின்னால் நின்று கண்ணை மட்டும் பார்ப்பாள், எழுத்து அவளுக்குத் தெரியாது. கண் மூடியதும் மேசையைத் தட்டுவாள். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்று முள்ளை மட்டும் பார்த்து எழுதுவேன், அவள் முகம் எனக்குத் தெரியாது. நானும் நர்ஸும் எங்கள் ஆசையைப் புகுத்த வழியே இல்லை. உன் தம்பியல்லவா நான்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவை விட்டுச் சாமான் காட்டச் சொல்லிச் சோதித்தோம். பத்தில் ஒன்பது. பத்தாவதில் அவள் தூங்கிவிட்டாள்.

பிறகு உண்மையான கேள்வியைக் கேட்டேன். "மையத்துக்குப் போறியா, இங்கயே இருக்கியா?" முதலில் போ என்று வந்தது. என்னைத்தான் வெளியே போகச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். பிறகு க. பிறகு ணு. பிறகு ம். பதினோரு நிமிடம் ஆயிற்று.

நேற்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஜூலை முதல் தேதி கொண்டுபோய் விடுகிறேன். நீ லீவுக்கு வா. அவள் உனக்குத் தானே கடிதம் போடப்போகிறாளாம்.

உன் தம்பி

ஜூன் 14

(எழுத்தெழுத்தாக அம்மா சொன்னது. சார் ஊர் மணிக்கூண்டுக் கடிகாரம் பழுதுபார்க்க வெளியே போகிற நேரங்களில் தையல்காரம்மா எழுதி, நான் சேர்த்தேன். ஆறு நாள் ஆயிற்று. நர்ஸ்)

அண்ணி,

நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இல்ல. இத நானே சொல்றதுல ஒரு சந்தோஷம்.

ஆறு மாசம் என் பேருல அவரு பேசினாரு. வலிக்கலன்னாரு. பயம் இல்லன்னாரு. அவர் கூட இருந்தா போதும்னு சொன்னேனாம். நல்லாத்தான் பேசினாரு. அவ்வளவு நல்லவ நான் இல்ல அண்ணி. வலிச்சுது. கோவம் வந்துச்சு. கண்ணத் தொறடான்னு மனசுக்குள்ள திட்டினேன்.

ஆனா எனக்கு ஒண்ணு தெரியும். போகல, உங்க கூடவே இருக்கேன்னு கேட்டுச்சாமே. அது அவர் குரல். போகாதேன்னு சொல்லணும்னு அவருக்குத்தான் ஆச. வெக்கப்பட்டு என் வாயில வச்சு சொன்னாரு. இப்ப பெட்டி கட்டுறாரு, சிரிக்கிறாரு, ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்குறாரு.

நீங்க சொன்னா கேப்பாரு. போகாதேன்னு அவர் வாயால ஒரு தடவ எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்.

சொன்னாலும் போவேன்.

வாயாடி